மேட்டில் இழுக்காத கார்

பக்கவாதம் வந்து என் வலது கை விழுந்த பிறகு, எங்கள் பழைய காரை மனைவிதான் ஓட்டுகிறாள். தெரணியகலையில் எங்களுக்கு ஒரு துணிக்கடை. என்னைக் கரவனெல்ல ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போவதற்காகவே ஐம்பது வயதுக்கு மேல் லைசன்ஸ் எடுத்தாள். அந்தக் காரின் என்ஜினை அதுவரை நான்தான் பார்த்துவந்தேன்.

போன மழைக்காலத்தில் கார் மேட்டில் இழுக்க மறுத்தது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"கராஜுக்குக் குடுத்துருவோமா?" என்றாள். வேண்டாமென்று தலையை ஆட்டினேன்.

"அப்ப நீங்க சொல்லுங்க. நா செய்றேன்."

ஞாயிற்றுக்கிழமை பொனட்டைத் திறந்தோம். கார்பரேட்டரிலிருந்து, தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய ரப்பர் குழாய் போகும். ஓடும்போது என்ஜின் அதன் வழியாகக் காற்றை உறிஞ்சி, தீப்பொறியைக் கொஞ்சம் முன்கூட்டியே விழ வைக்கும். குழாயில் ஓட்டை விழுந்தால் காருக்கு வேகமே வராது. ஒரு முனையைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சினால் தெரிந்துவிடும். பல தடவை செய்திருக்கிறேன். அன்று என் உதடு ஒரு பக்கம் மூடவில்லை. எச்சில் தாடையில் வழிந்தது. மறுபடி வைத்தேன், மறுபடியும் வழிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அவள் முந்தானையால் என் தாடையைத் துடைத்துவிட்டு, குழாயை அந்த ஈரத்தோடு தன் வாயில் வைத்து உறிஞ்சினாள்.

"காத்துதாங்க வருது. நிக்கவே மாட்டேங்குது."

நுனி வெடித்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி மாட்டி உறிஞ்சினாள். "இப்ப நாக்கப் புடிச்சு இழுக்குது" என்று சிரித்தாள்.

தீப்பொறி விழும் நேரமான டைமிங்கும் நகர்ந்திருந்தது. குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு என்ஜினை ஓடவிட்டோம். நட்டைத் தளர்த்தி அவள் டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்ப, நான் சத்தத்தைக் கேட்டேன். சரியான இடம் வந்தது. "போ...தும்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தாண்டிவிட்டாள். திரும்பவும் அப்படியே.

"வாயால வேணாங்க, தட்டுங்க."

இடது கையால் மட்கார்டில் தட்டினேன். அங்கேயே நட்டை முறுக்கிக் குழாயை மாட்டினாள்.

ரப்பர் தோட்டத்து மேட்டில் கார் நன்றாக இழுத்தது. ஆனால் என்ஜினுக்குள் கோலிக்குண்டு உருளுவதுபோல ஒரு சத்தம். தீப்பொறி அளவுக்கு மீறி முந்துகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஓரம் கட்டி, ஸ்பேனரோடு இறங்கிவிட்டாள்.

"மொகத நோனா, கெடிலாத?" என்று த்ரீவீல்காரர் ஒருவர், கார் பழுதா எனச் சிங்களத்தில் விசாரித்தார்.

"நே மல்லி, தென் ஹரி" என்று, இல்லை தம்பி, இப்ப சரி என அவளும் சிங்களத்திலேயே சொன்னாள், நிமிராமலே.

"எந்தப் பக்கம்னு... தெரியுமா?" என்று நான் கேட்டேன்.

"மொதல்ல திருப்புனதுக்கு எதிர்ப்பக்கம். கொஞ்சூண்டு. சரிதானே?"

சரிதான். என்னைக் கேட்காமலே தொட்டுவிட்டாளே என்று சுருக்கென்றது. கியர் குறைக்காமல் உச்சிவரை ஏறியபோது அந்தச் சுருக்கும் போய்விட்டது.

மேலே ஒரு கடையில் பால் சேர்க்காத பிளேன்டீ வாங்கினோம். கிளாஸை என் வாயருகே பிடிக்க வந்தாள். தடுத்து, நானே இடது கையில் வாங்கிக் குடித்தேன். பாதி சட்டையில் சிந்தியது. அவள் கவனிக்காததுபோல், குருவிட்டயில் இருக்கும் தன் தங்கச்சி வீட்டுக்கு இந்தக் காரிலேயே போய் வரலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள்.