முப்பது நாள் கூழ்

குன்னத்துப் பருத்திக்காட்டில், உச்சி வெயிலில், ஜீப் நிழலில் உட்கார்ந்து எங்கள் ஆர்.ஐ. நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் வட்டாட்சியர், அவர் எனக்குக் கீழே வருவாய் ஆய்வாளர். வரப்புத் தகராறு விசாரிக்கப் போயிருந்தோம். இரு தரப்பும் கைகலப்புக்குத் தயாராக நின்றன. அவரோ நிமிராமலே, "சாப்ட்டுட்டு அடிச்சுக்குங்கய்யா, கொழம்பு ஆறுதுல்ல" என்றார். இரு தரப்பும் சிரித்துவிட்டன. எந்த அரசாணையிலும் இல்லாத சமரசம் அது. கறி இல்லாத நாளை அவர் வேலை நாளாகவே மதித்ததில்லை.

இருவரும் ஓய்வு பெற்று வெகுநாளான பின், அவருடைய அண்ணன் புரோஸ்டேட் புற்றுநோயில் இறந்தார். சில மாதங்களில் இவருடைய ரத்தப் பரிசோதனையிலும் புரோஸ்டேட் கோளாறைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு கூடுதலாக வந்தது. எந்த ஜன்னலில் எந்தத் தாளை நீட்ட வேண்டும் என்று தெரிந்தவன் என்ற தகுதியில், திருச்சி மருத்துவமனைக்கு நான் துணை.

மருத்துவர் பொறுமையானவர். "சாப்பாட்டாலதான் வருதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. சாப்பாட்டாலயே தடுத்துடலாம்னும் சொல்ல முடியாது. கொழுப்புக் கறி, கருக வறுத்தது, ஏறிப்போன உடம்பு, இதெல்லாம் ஆபத்தக் கூட்டலாம். காய்கறி, வேகவெச்ச தக்காளி உதவலாம். ஆராய்ச்சி இன்னும் முடியல. ஆனா அண்ணனுக்கு வந்திருக்கு, டெஸ்ட்ட மட்டும் விட்டுடாதீங்க" என்றார். ஒரு மாதம் தினமும் சாப்பிடுவதை எழுதி, உணவு ஆலோசகரிடம் காட்டச் சொன்னார்.

இங்கேதான் வருவாய்த் துறை குறுக்கே வந்தது. களப்பணியாளர் மாதந்தோறும் நாட்குறிப்பு தர வேண்டும் என்பது விதி. கடைசித் தேதியன்று ஒரே இருப்பில், ஒரே பேனாவில் முப்பது நாளையும் எழுதி முடிப்பது அவர் வழக்கம். படிக்காமல் கையெழுத்திடுவது என் வழக்கம். அடுத்த மாதம் பெரம்பலூரில் பஸ் ஏறியதும் அவர் ஒரு நோட்டைத் திறந்தார். பாடாலூர் வருவதற்குள் மாதம் முடிந்திருந்தது. காலை கம்பங்கூழ், மதியம் கீரை, இரவு தக்காளி ரசம்.

உணவு ஆலோசகர் சின்னப் பெண். நோட்டைப் புரட்டினாள், அவரை எடை மெஷினில் ஏற்றினாள், மறுபடி நோட்டைப் பார்த்தாள். "கூழ் குடிச்சு ஒரே மாசத்துல ரெண்டு கிலோ ஏறுமா சார்? அதோட, இன்னைக்கு ராத்திரி ரசமும் குடிச்சிட்டீங்களா?"

மணி காலை பத்தரை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார், பாதியில் நின்றுவிட்டார்.

"எங்கண்ணனும் இப்படித்தாம்மா. டெஸ்ட் எடுத்துட்டேன், எடுத்துட்டேன்னு வூட்ல சொல்லிட்டே இருந்தாரு. எடுக்கவே இல்ல. பயம்."

அவள் ஒரு புதுத்தாளை நீட்டினாள். அவர் உண்மையைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை.

மறு ரத்தப் பரிசோதனையிலும் அளவு இறங்கவில்லை. பயாப்ஸி செய்தார்கள். முடிவு வரும்வரை தினமும் காலையில் போன் செய்து, "சார், வந்துடுச்சா?" என்பார், முடிவு என் மேசைக்கு வரும் கோப்பு என்பதுபோல. முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. வயதினால் வீங்கிய சுரப்பி. ஆனாலும் ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும், எடை குறைய வேண்டும் என்றார் மருத்துவர். "வரேங்கய்யா, எழுதிக் குடுக்கவா?" என்றார் இவர். "நீங்க எழுதிக் குடுக்க வேணாம். வந்தாப் போதும்" என்றார் மருத்துவர்.

திரும்பும் வழியில் பாடாலூரில் இறங்கினோம். அவர் முகத்தில் அன்று பத்து வயது குறைந்திருந்தது. கடையில் சுடச்சுட இரண்டு போண்டா வந்தது. ஒன்றைத் தின்றார். கையைக்கூடத் துடைக்காமல் நோட்டை எடுத்தார். 'பகல் 12.05, பாடாலூர், போண்டா ஒன்று.' தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அடுத்ததைப் பிட்டுப் பாதியை வாயில் போட்டுக்கொண்டு, ஒன்று என்பதை அடித்து ஒன்றரை என்று திருத்தி, சுருக்கொப்பமும் போட்டு என்னிடம் நீட்டினார்.

அவர் எழுதியதை முதல்முறையாக முழுவதும் படித்தேன். பிறகு மீதிப் பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.