ஆளில்லாத கட்டத்தில் குடியேறிய சலீம் பாய்

சலீம் பாய் போய்விட்டார் என்று போன் வந்தபோது, நான் தண்டையார்பேட்டை ஷேர் ஆட்டோவில் முன்பின் தெரியாத ஒருவரின் முக்கால் மடியில் பயணம் செய்துகொண்டிருந்தேன். இறங்கிவிட்டேன். எங்கே போவதென்று தெரியாமல் ரோட்டோரமாகவே நின்றேன்.

ராயபுரத்தில் நானும் அவரும் நடத்திய வெப்சைட் கடையை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒன்றில் படம், ஒன்றில் எழுத்து என்று அடுக்குவதுதான் அன்றைய தொழில். கட்டத்துக்கு அகலமும் நிறமும் கொடுக்குமுன், “இதுல யாரு குடி வர்றது?” என்பார். ஓரத்தில் இடம் விடாமல் எழுத்தைத் திணித்தால், “மூச்சு முட்டுது பாரு மாமு” என்று அதட்டுவார். உட்கார்ந்தாரென்றால் ஹார்பர் கிரேனாலும் அவரை நாற்காலியிலிருந்து பெயர்க்க முடியாது.

காசிமேட்டு ஸ்டெல்லா அக்கா கருவாட்டு வியாபாரி. ஒருநாள், சிங்கப்பூர்க்காரர் ஒருவர் மதியம் நாங்கள் அவருக்குச் செய்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, பிடித்தால் சரக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார். எங்கள் பிரவுசரில் பக்கம் அரண்மனை மாதிரி நின்றது. சோதனைக்கு வேறொரு பிரவுசரில் திறந்தோம். நெத்திலிக் கருவாட்டுக்கும் அக்காவின் போட்டோவுக்கும் நடுவே விட்டிருந்த வெற்றுக் கட்டத்தைக் காணோம்! இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்க, கீழே பொதுவாக ஒரு வரி: வெயிலில் உலர்த்திய முதல் தரம்.

“இன்னா பாய், என்னையும் கருவாடாக்கிட்டியே! கிலோ இன்னா ரேட்டுன்னு கேப்பான். இந்த ஆர்டரும் பூட்ச்சின்னா கடைய மூடிட்டு குந்த வேண்டிதுதான்!” என்று பக்கத்திலேயே நின்ற அக்கா கத்தினார்.

“இரு அக்கா. அந்தக் கட்டம் எங்க பூட்ச்சுன்னு மொதல்ல பாப்போம்.”

சலீம் பாய் முகத்தில் புதுத் தீவைக் கண்ட மாலுமியின் பரவசம். கட்டத்துக்கு நீலம் பூசினார். நீலமும் காணாமல் போனது. அகலத்தைக் கூட்டினார், அசையவில்லை. கடைசியில் உள்ளே ‘எஸ்’ என்று ஒற்றை எழுத்தைத் தட்டினார். கட்டம் நெஞ்சை நிமிர்த்தி எழுந்து, அக்காவைக் கருவாட்டிடமிருந்து பிரித்தது.

“ஆளில்லாத வூட்ட இந்த பிரவுசரு வூடாவே மதிக்கல நைனா!” என்று என் முதுகில் அறைந்தார். நீலத்தை எடுத்துவிட்டு, எழுத்துக்கும் பின்னணியின் வெள்ளையையே பூசி மறைத்தார்.

“அது யாரு எஸ்ஸு? நானா?”

“சலீம்.”

“என் வூட்டுல நீ எதுக்குய்யா குடி வந்த?”

“வாடக மட்டும் கேக்காதக்கா.”

எண்ணூர் வரைக்கும் மணக்கிற அளவுக்கு ஆர்டர் வந்தது. அதன்பிறகு கடைக்கு வரும்போதெல்லாம் அக்கா அந்த வெள்ளையின் மேல் மௌஸை அழுத்தி இழுப்பார். இழுத்த இடம் நிறம் மாறி, ஒளிந்திருந்த எழுத்து பளிச்சென்று தெரியும். “உள்ளாரதான் கீறான்யா!” என்று சிரிப்பார்.

அந்தப் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது. யாருடைய பக்கத்தைத் திறந்தாலும் வெறுமையாய்க் கிடக்கும் இடத்தில் மௌஸை இழுத்துப் பார்க்கிறேன். நேற்று மின்கட்டணப் பக்கத்தில் இழுத்தேன். ஒன்றுமில்லை. நாளை வேறு பக்கத்தில் இழுப்பேன்.