டப்பா மூடிச் சத்தம்

சங்கரன்கோவிலில் வாங்கிய வண்ணமீனுக்குக் கண் அவிந்துபோய்விட்டதாம். சிவகிரியில் அதை வாங்கிப் போன வீட்டுக்காரர்கள் கோவில் புற்று மண்ணைத் தொட்டியில் கரைத்து ஊற்றியிருக்கிறார்களாம். இன்று மதியத்துக்குள் குணமாகாவிட்டால் கிணற்றில் விட்டுவிடுவார்களாம். பஸ்ஸில் வந்த ஒருத்தி டீக்கடையில் சொன்னதை, கடைப் பையன் வேல்ராஜ் டீ கிளாஸோடு சேர்த்துக் கடைக்குக் கொண்டுவந்தான்.

"நம்ம கடை மீனாம்லா அண்ணாச்சி. குருட்டு மீனைத் தள்ளிவிட்டுட்டியன்னு பேசுதாவ."

"ஏலே, எங் கடை மீனுக்கா கண்ணு தெரியாது? ஒனக்குத்தாம்ல தெரியாது. டீயை எறும்போட கொண்டாந்திருக்க."

பாண்டியராஜன் இருபத்திரண்டு வருடம் விசைத்தறி ஓட்டியவர். வலது காதை அங்கேயே விட்டுவிட்டு, சத்தமே இல்லாத பிழைப்பாக இருக்கட்டும் என்று வண்ணமீன் கடை வைத்தார். தறிக்கூடத்தில் வாயால் கூப்பிட்டால் யாருக்கும் கேட்காது, தோளில் தட்டித்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பழக்கம் கடைக்கும் வந்தது. தீனி டப்பா மூடியால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டாமல் ஒருநாளும் தீனி போட்டதில்லை.

"கூப்பிடாம சோறு போடலாமால?" என்பார்.

"இன்னைக்குக் கூப்பிடாம போட்டுப் பாருங்களேன்" என்று வேல்ராஜ் சீண்டினான்.

கண் துருத்திய கறுப்பு கோல்டுபிஷ் ஜோடியில் ஒன்றைத்தான் போன மாதம் சிவகிரி ஜெயசித்ரா வாங்கிப் போனாள். மற்றது இங்கேயே இருந்தது. பாண்டியராஜன் தட்டாமல் தீனியைத் தூவினார். மற்ற மீன்கள் பாய்ந்தன. கறுப்பு மட்டும் அடியில் கூழாங்கல்லை முகர்ந்துகொண்டிருந்தது. கண்ணாடியை ஒட்டிச் சட்டென்று கையை வீசினார். எல்லாம் சிதறி ஓடின. அது அசையவே இல்லை. செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் கஞ்சி ஆடை போல் வெள்ளைப் படலம்.

மூடியால் இரண்டு தட்டு. நேராக மூலைக்கு வந்து வாயைத் திறந்தது.

பாண்டியராஜன் தீனி டப்பாவை ஸ்டூலில் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"அதுவும் இப்பிடித்தாம்ல இருந்திருக்கும். மூடியைத் தட்டி வரவச்சுத்தான் அந்தப் பிள்ளைக்குக் காட்டுனேன். எவ்வளவு சுறுசுறுப்பு பாரும்மான்னு சொல்லிக் கொடுத்தேன்."

இரண்டு வருடமாக, நாளுக்கு இரண்டு வேளை அந்த ஜோடியின் முகத்தைப் பார்த்தவர். தட்டினால்தான் அதற்குச் சோறு என்று ஜெயசித்ராவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிவகிரியில் மற்ற மீன்கள் அள்ளித் தின்ன, அது ஒரு மாதமாக எதைத் தின்றிருக்கும்?

"மண்ணு செவுளை அடைச்சிருமேல! கெணத்துல விட்டா தீனியும் கெடைக்காதே!"

போனை எடுத்தார். ஜெயசித்ராவின் பெயரில் நான்கு மிஸ்டு கால், மூன்று நாளைக்கு முந்தியது. தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் மோட்டார் இரைச்சலில், அந்தக் காதுக்கு, அவை கேட்கவேயில்லை.

மணி பதினொன்றே முக்கால். எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். சொல்ல வேண்டியதை அதற்குள் வாய்க்குள் அடுக்கினார்: கலங்கல் தண்ணியை எடும்மா. தனித் தொட்டியில விடு. கல்லை இடம் மாத்தாத. ஒரே மூலையில ரெண்டு தட்டு தட்டிட்டுப் போடு, வந்துரும்.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார்.

"எடுத்தாவளா?" என்றான் வேல்ராஜ்.

அவர் கையிலிருந்த மூடி கண்ணாடியில் பட்டுக்கொண்டே இருந்தது. கறுப்பு மீன் மூலைக்கு வந்து வாயைத் திறந்து நின்றது. சிவகிரியில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது.