முற்றத்து ஆரஞ்சுப் பாய்

“கிர்ர்ர்ர்...”

பலகைச் சுவருக்கு அப்பால், நான் தங்கியிருந்த விடுதியின் பக்கத்து அறையில் அந்தச் சத்தம் எழுந்து, யாரோ கழுத்தைப் பிடித்தது போலச் சட்டென்று நின்றது.

“ரூமுக்குள்ளயா விடுறீங்க? தலைக்கு மேல சுத்துற ஃபேன் ஒண்ணு போதாதா?”

“விடலம்மா. றெக்கையைச் சுத்த வச்சுப் பாத்தேன். விட்டாலும் தப்பில்ல. கூரைக்குக் கீழ பறக்க யாரோட அனுமதியும் வேண்டாம்.”

“தெரியுமே. அதனாலதான நம்ம வீட்டு ஹாலை மட்டும் மேலேருந்து படம் புடிச்சு வச்சிருக்கீங்க.”

பேசியவர் டீச்சர். பேச்சு வாங்கியவர் அவர் கணவர், லிஃப்ட் இன்ஸ்பெக்டர். மற்றவர்கள் மேலே போகலாமா, கூடாதா என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று கண்ணால் எண்ணுவார். கூட்டம் அதிகம் என்று பட்டால் தானே வெளியே போய் நின்றுகொள்வார். எந்தக் கதவைச் சாத்தினாலும் தாழ் விழுந்ததா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். இந்த விடுதியின் முன்கதவு உப்புக்காற்றில் ஊதிப்போனது. ஓங்கி அறைந்தால்தான் மூடும். அறைந்துவிட்டு இழுத்தும் பார்ப்பார். சுவரில் மாட்டிய கடிகாரம் அவர் வந்த நாள் முதல் கோணலாகத்தான் தொங்குகிறது.

இப்படிப்பட்ட மனிதர் கையில் விதி ஒரு ட்ரோனைக் கொடுத்தது. விதியா, விதிமுறையா என்று கேட்டால், அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

விமானத்தில் அதன் பேட்டரியைக் காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போல மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். அதற்கு இன்சூரன்ஸ் உண்டு. “எனக்குப் போட மறந்துட்டார். மூத்தவன் வெளிநாட்டுல, இளையவன் பெட்டிக்குள்ள. வீட்டுக்கு ரெண்டு பேராலயும் பிரயோஜனமில்ல” என்பது டீச்சரின் நிரந்தரப் புலம்பல். பறக்கவிடும்போது போட்டுக்கொள்ள, தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும் மஞ்சள் மேல்சட்டை ஒன்று வைத்திருக்கிறார். யார் விட்டது என்று ஊருக்குத் தெரிய வேண்டுமாம். அந்தச் சட்டையின் மடிப்பு இன்னும் கலையவில்லை.

அதை விட்டுப் பழகத் தீவு தீவாகத்தான் போனார். ஒரு தீவில், மேலிருந்து பார்த்தால் வீட்டுக் கூரைகளெல்லாம் தெரியுமே என்று வீடு வீடாகக் கதவைத் தட்டிச் சம்மதம் கேட்டார். கடைசி வீட்டுக்காரர் தலையாட்டியபோது சூரியன் கடலுக்குள் போய்விட்டது. இன்னொன்றில் காற்று கொஞ்சம் கூடுதல். வேறொன்றில் மணலில் ஒரு காதல் ஜோடி. அந்தரங்கம் கெடக்கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு காத்திருந்தார். காதலர்களுக்கு ஏது கடிகாரம்? அவருடைய படகுதான் கிளம்பிவிட்டது.

“அவனவன் விட்டுட்டுப் போயிட்டே இருக்கான். நீங்க மட்டும் ஏன் சார் இவ்வளவு யோசிக்கிறீங்க?” என்று ஒருநாள் முன்கூடத்தில் தேநீர் குடித்தபடி கேட்டேன்.

“கேபிள் அறுந்ததுக்கு அப்புறம் ஸாரி சொன்னா லிஃப்ட் மேல வந்துடுமா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இது படத்துக்காக இல்ல. அவளுக்காக” என்றார்.

இந்தத் தீவின் மலையுச்சியில் ஓர் ஏரி இருக்கிறது. கல்யாணமான புதிதில் அதைப் பற்றிக் கேள்விப்பட்ட டீச்சர், “ஒரு தடவை பாத்துடணும்” என்றாராம். பிள்ளை, வீட்டுக்கடன், மாற்றல் உத்தரவு என்று வாழ்க்கை ஓடியது. நேரம் கிடைத்தபோது முட்டி போய்விட்டது. பாதையோ செங்குத்து. சரி, அவராவது ஏறிப் போய்க் கைப்பேசியில் எடுத்து வரலாமே? “நான் மட்டும் பாத்துட்டு வந்து அவகிட்ட கதை சொல்லவா? பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணாப் பாக்கணும்” என்றவரின் கண் கலங்கியிருந்தது. மேலே போய் அது காட்டுவதைக் கீழே இருவரும் ஒரே திரையில் பார்க்கலாம். அதற்காகத்தான் ட்ரோன். அதற்காகத்தான், மாதக்கணக்கில் விண்ணப்பித்து, இந்த ஒரே ஒரு காலைப் பொழுதுக்கு வாங்கிய அனுமதி. விடுதி முற்றத்திலிருந்து மட்டும் கிளப்ப வேண்டும். கண்பார்வையை விட்டுப் போகக்கூடாது. முட்டையில் உட்கார்ந்த பறவைக்கு ஐம்பது மீட்டருக்குள் நெருங்கவே கூடாது. இந்த மூன்றையும் விடுதியில் எல்லோருக்கும் அவர் மனப்பாடம் செய்வித்திருந்தார். சமையல்காரர் உட்பட.

இறக்கையைச் சுற்ற வைத்துப் பார்த்தாயிற்று. அந்தக் காலையும் வந்தேவிட்டது. மஞ்சள் சட்டை மடிப்பு கலைந்தது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, முன்கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். மேற்பார்வைக்கு வனக்காவலர் படகில் வந்திறங்கினார்.

“சார், நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து முதல்ல கேட்டுட்டு அப்புறம் பறக்கவிட வந்த ஆள் நீங்க ஒருத்தர்தான். எல்லாரும் விட்டுடுவாங்க, மாட்டுனா ஸாரி கேப்பாங்க. உங்களைப் பாக்கவே வந்தேன்.”

இன்ஸ்பெக்டர் பெருமிதத்தோடு கதவைத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை.

முற்றத்தின் மறுகோடியில், ட்ரோன் ஏறி இறங்குவதற்கான ஆரஞ்சுப் பாய் விரிந்திருந்தது. அவர் விரித்ததுதான். திடீரென்று விரித்தால் பறவைகள் மிரளும், பழகிக்கொள்ளட்டும் என்று, வந்திறங்கிய அன்றே விரித்துவிட்டார். காற்றில் பறக்காதிருக்கப் பொடிக்கற்களைப் பொறுக்கி வந்து பரப்பியும் வைத்தார். பறவைகள் நன்றாகவே பழகிக்கொண்டன. கறுத்த தலையும் சாம்பல் இறகுமாக ஓர் ஆலாப் பறவை, அந்தக் கற்களுக்கு நடுவே சொந்த வீட்டில் உட்கார்ந்தது போல உட்கார்ந்திருந்தது. அது லேசாக எழுந்து திரும்பி உட்கார்ந்தபோது, வயிற்றுக்குக் கீழே, நேற்றுவரை இல்லாத புள்ளி போட்ட முட்டை ஒன்று தெரிந்தது.

“அடக் கடவுளே... கல்லு கெடந்தா போதும் சார், வெட்டவெளியிலயே போட்டுடும். நீங்க தொட்டிலே கட்டிக் குடுத்திருக்கீங்க!” என்றார் வனக்காவலர்.

முற்றம் மொத்தமே ஐம்பது மீட்டர் தேறாது. அனுமதியோ முற்றத்துக்கு மட்டும். அதுவும் இன்று மட்டும்.

வனக்காவலர் தலையைச் சொறிந்தார். டீச்சரின் காலைப் பார்த்தார். “பாயோட சேத்து மெல்ல இழுத்து, புதருக்கு அந்தாண்ட விட்டுடலாம் சார். நான் கடலைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது.”

சட்டம் பேசியே பழகிய இன்ஸ்பெக்டர் பறவையைப் பார்த்தார். திரும்பி, மனைவியின் முட்டியில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்தார். அவருக்குள் என்னென்ன இடிந்து விழுந்ததோ! மஞ்சள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, திருடனைப் போல ஒரு படி கீழே இறங்கினார்.

“எங்க போறீங்க?”

“சும்மா... அந்தக் கல்லை மட்டும்...”

“ஐம்பது மீட்டர்.”

“அது பொதுவாச் சொல்றதும்மா.”

“பொதுவாவா? சமையல்காரரைக் கூப்பிடட்டுமா? அவர் தூக்கத்துலகூட ஒப்பிப்பார்.”

“உனக்கு ஏரியைப் பாக்க வேண்டாமா?” இன்ஸ்பெக்டர் படியிலேயே நின்று திரும்பினார். “இத்தனை வருஷம் கழிச்சு...”

டீச்சர் நாற்காலியிலிருந்தபடியே கழுத்தை நீட்டிப் பாயைப் பார்த்தார்.

“பாக்கணும்தான். ஆனா அவளை எழுப்பிட்டா? நான் முட்டி வலிக்குதுன்னு உக்காந்திருக்கேன். அவ அந்த வெயில்ல என்னத்துக்கு உக்காந்திருக்கா? இருக்கட்டும், விடுங்க. மேல ஏறி வாங்க.”

ஏறி வந்தார். வந்ததும் எதையோ தேடுவது போலப் பெட்டியைத் திறந்து, ட்ரோனின் இறக்கைகளை ஒவ்வொன்றாக மடக்கினார். முகத்தை மட்டும் நிமிர்த்தவில்லை.

“அடுத்த வருஷம் வாங்கக்கா. குஞ்சு பறந்து போயிருக்கும்” என்று கிளம்பினார் வனக்காவலர். “என்ன, அனுமதி மட்டும் மறுபடி புதுசா...”

“கண்டிப்பா வாங்கணும்” என்றார் இன்ஸ்பெக்டர், தலை குனிந்தபடியே.

“அதுக்குத்தான் இவர் இருக்காரே, இன்னைக்கே விண்ணப்பம் எழுத உக்காந்துடுவார்” என்றார் டீச்சர். சிரிக்கத்தான் முயன்றார்.

வனக்காவலர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாகப் பூனை நடை நடந்து படகுத்துறைப் பக்கம் போய் மறைந்தார்.

இன்ஸ்பெக்டர் கதவருகே வந்தார். சத்தத்தை எதிர்பார்த்து என் கை தானாகக் காதுக்குப் போனது. அவரோ இரண்டு கைகளாலும் கைப்பிடியைப் பிடித்துக் கதவைச் சற்றே தூக்கி, தோளால் அணைத்து, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவது போல அங்குலம் அங்குலமாகச் சாத்தினார். தாழ் விழுந்ததா என்று இழுத்துப் பார்க்கவில்லை.