சல்மா லாத்தா ஊற்றச் சொன்ன தேநீர்

செய்தி வந்தபோது பள்ளிவாசல் சமையலறையில் இருந்தவர்கள் மூவர்: ஆயிஷா ஆன்ட்டி, பர்வீன், நான். எங்கள் எல்லோருக்கும் அக்காவான சல்மா லாத்தா பஜ்ர் தொழுகைக்குப் பின் மவுத்தாகிவிட்டார் என்று போனை வைத்துவிட்டு ஆயிஷா ஆன்ட்டி சொன்னார். பர்வீன் அடுப்பைப் பார்த்து அழுதாள். நான் ஜன்னலைப் பார்த்து அழுதேன்.

லாத்தா பார்த்திருந்தால் "மின் ஜோ ஜோ" என்றிருப்பார். மனத்தாங்கலில் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களைக் காண்டனீஸில் அப்படிச் சொல்வார்களாம். காயல்பட்டினத்தில் பிறந்து, ஹாங்காங்கில் குடும்பம் நடத்தி, கடைசியில் கலிஃபோர்னியாவின் சான் ரமோனில் மகன் வீட்டுக்கு வந்தவர். எங்கே சண்டை மூண்டாலும் அவர் வாயில் அந்தச் சந்தைக்கடை மொழிதான் வரும்.

"ஃபோ ஜே ஙான்" இன்னொன்று. கோபத்தில் கண்ணைத் தீ மறைக்கிறது என்று அர்த்தம். போன நோன்பில் பர்வீன் காய்ச்சிய கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. சமையலறைக் கணக்கு என் பொறுப்பு. இத்தனை அரிசியும் கறியும் வீண் என்று எல்லோர் முன்னும் சொன்னேன். "வேணும்னேவா கருக விட்டேன்?" என்றாள் அவள்.

"பாருங்க, ஃபோ ஜே ஙான். தீ கஞ்சியோட நிக்கல, கண்ணுக்கும் ஏறிடுச்சு" என்றேன். பெண்கள் சிரித்தார்கள்.

லாத்தா சிரிக்கவில்லை. கை கழுவும் இடத்தில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எரியிறவ முகத்துக்கு நேரா அதச் சொன்னா எண்ணெய் ஊத்துற மாதிரி புள்ள. ஆறின பொறகு நம்மளப் பத்தி நாமளே சொல்லிக்கிறதுக்குத்தான் அது."

பெருநாள் கழித்து எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்தார். ஹாங்காங்கில் யாராவது தேநீர் ஊற்றினால், நன்றிக்கு மேசையில் இரண்டு விரலால் தட்டினால் போதும். வாய் திறக்க வேண்டாம். அதைச் சொல்லிவிட்டு, பர்வீனை எனக்கு ஊற்றச் சொன்னார். அவள் ஊற்றினாள். நான் தட்டவில்லை. பிள்ளையை ஸ்கூலில் பிக்கப் பண்ணணும் என்று எழுந்துவிட்டேன். லாத்தா தடுக்கவில்லை. "ஆறினா மறுபடி சுட வச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

மூன்று நாளுக்கு மேல் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கக் கூடாது என்ற நபிமொழியை என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். கைப்பிடி அரிசிக்கும் கணக்கு வைப்பவள், இதற்கு மட்டும் வைக்கவில்லை. லிவர்மோர் அடக்கத்தலத்தில் லாத்தாவை அடக்கம் செய்த அன்றும் எங்கள் முகங்கள் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தச் சொற்களும், தட்டாமல் விட்ட இரண்டு விரலும்தான். பர்வீன், நீயும் இதைப் படிப்பாய். அன்று தீ மறைத்தது என் கண்ணைத்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் என் வீட்டில் லாத்தாவுக்காக யாசீன் ஓதுகிறோம். தேநீர் நான் ஊற்றுகிறேன். வருவாயா, மாட்டாயா என்று வியாழனுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிடு.