குஞ்சம்மாக்கா காட்டின கரை

ஏரித் திறப்பு விழாவுல மைக் புடிச்சவங்க அத்தினி பேரும் கொக்கு வந்துச்சு, நாரை வந்துச்சுன்னு பேசித் தள்ளினாங்க. குஞ்சம்மாக்கா பேர ஒரு வாட்டி சொல்லணுமே! ஊஹூம். எனக்கு வந்த ஆத்திரத்துல பாதியிலயே எழுந்து வந்துட்டேன். அதான் நானே சொல்றேன். என் பேரு வீரமணி, ஊரு எலவனாசூர்கோட்டை, ஜேசிபி ஓட்டறவன். இதுல என் பங்கும் இருக்குது. அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

தியாகதுருகத்துக்கு இந்தாண்ட பல்கலைக்கழகத்து நெலம். அதுக்குப் பின்னால ஒரு ஏரி. இருபது வருஷத்துக்கு மேல சுத்துப்பட்டுக் குப்பை எல்லாம் அதுக்குள்ளதான் கொட்டினாங்க. ஏரி தூர்ந்து, கரையும் கரைஞ்சு, எது ஏரி எது மேடுன்னு தெரியாமப் போச்சு. அந்தக் குப்பைமேட்டுல பாட்டிலு, பிளாஸ்டிக்கு, தகரம்னு பொறுக்கினு இருந்ததுதான் குஞ்சம்மாக்கா. அதோட வூட்டுக்காரர் பேரு பாவாடை. கரும்பு வெட்டப் போனவரு, செத்து ஏழு வருஷம் ஆவுது. புள்ளைங்க கெடையாது. அப்பிடித்தான் நாங்க எல்லாரும் நெனச்சுக்கினு இருந்தோம்.

பொறுக்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் தரம் பிரிக்க ஒரு எடம் உண்டு. அடுத்தவங்க எடத்துல கால் வைக்க மாட்டாங்க. அக்காவோட எடம் மேட்டு ஓரத்துல, பத்தடிக்குப் பத்தடி இருக்கும். நடுவுல ஒரு ஒடஞ்ச அம்மிக்கல்லு. அங்க மட்டும் ஒரு காகிதம் விழக்கூடாது. எவனாச்சும் லாரிக்காரன் தெரியாம கொட்டிட்டா தொலைஞ்சான். "டேய், ஒன் கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?"ன்னு கத்தற கத்துல வண்டிய ரிவர்ஸ் எடுத்துக்கினு ஓடுவான். அப்பறம் அத்தினியும் அள்ளிப் பெருக்கிட்டுத்தான் அக்கா சோத்துல கை வைக்கும். "மகாராணி அரண்மனை"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அதுவும் சிரிச்சுக்கும்.

குப்பைய எல்லாம் ஒரு மூலையில குவிச்சு, மேல களிமண்ணு போர்த்தி மூடிட்டு, ஏரியத் தோண்டித் தண்ணி நிறுத்தறதுன்னு பல்கலைக்கழகத்துல முடிவாச்சு. வேலையப் பாத்துக்கினது எழில்மதி மேடம். தங்கமான பொண்ணு. பொறுக்கறவங்களுக்கு அங்கயே செடி வளக்கற வேலை வாங்கிக் குடுத்தது அவங்கதான். ஒருநாள் வந்து, "அக்கா, நீங்கதான் ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்க. பழைய கரை எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டாங்க.

"எது வரிக்கும் தோண்டுவீங்க மேடம்?"னு அக்கா திருப்பிக் கேட்டுச்சு.

"கரை வரைக்கும்தாங்க."

அக்கா அம்மிக்கல்லு பக்கம் ஒரு வாட்டி திரும்பிப் பாத்துச்சு. அப்பறம் விறுவிறுன்னு ஏரிக்குள்ள எறங்கி இருபது தப்படி நடந்து, காலால ஓங்கி மிதிச்சு, "இதான் கரை"ன்னுச்சு. சுண்ணாம்புக் கோடு போட்டாங்க. கோட்டு மேல புதுக் கரை எழுப்பினாங்க. அக்காவோட எடம் கரைக்கு வெளிய தள்ளிப் போச்சு. அந்த வாரம் முழுக்க அது மொகத்துல ஒரே சிரிப்பு. எனக்குக் கேவுரு அடை கூட சுட்டுனு வந்து குடுத்துச்சு. இன்னாத்துக்குன்னு நான் கேக்கல.

குப்பைய மூட நல்ல களிமண்ணு வேணுமில்ல? கரைக்கு வெளிய மண்ணு பரிசோதனை பண்ணாங்க. அழுக்கே ஏறாத மண்ணு அக்காவோட எடத்துலதான் கெடச்சுது. கெடைக்காம? வருஷக்கணக்கா பெருக்கிப் பெருக்கி வெச்ச எடமாச்சே!

அன்னிக்குப் பொறுக்கறவங்க எல்லாரையும் அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்க வேன்ல கள்ளக்குறிச்சிக்குக் கூட்டினு போயிட்டாங்க. நான் அம்மிக்கல்லத் தூக்கி ஓரமா வெச்சிட்டுத் தோண்ட ஆரம்பிச்சேன். பத்தடி ஆழம். டிப்பர் மாத்தி டிப்பர் போச்சு. சாயங்காலத்துக்குள்ள அத்தினி மண்ணையும் குப்பை மேல பரப்பி ரோலர் வுட்டு அமுக்கியாச்சு.

வேன்லருந்து அக்கா எறங்கிச்சு. போட்டோவுக்காகப் புதுப் பொடவை, தலை நெறைய கனகாம்பரம். பள்ளத்தப் பாத்துட்டு அப்பிடியே நின்னுடுச்சு.

"வீரமணி, இங்க இருந்த மண்ணு எங்கடா?"

"அதோ, மேட்டுல போட்டாச்சுக்கா. இன்னாக்கா, அரண்மனை போச்சேன்னு பாக்கறியா?"

ஐயோ, என் நாக்குல கொள்ளி வைக்க! அக்கா பள்ளத்துல சறுக்கி எறங்கி, ரெண்டு கையாலயும் மண்ணத் தடவிச்சு.

"என் பொண்ணுடா அங்க இருந்தா" அப்பிடின்னுச்சு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி, பொறந்து நாப்பது நாள்ல ஜொரத்துல போயிடுச்சாம். கொளஞ்சின்னு பேர் வைக்கலாம்னு இருந்தாங்களாம். பல்லு மொளைக்காத கொழந்தைய எரிக்க மாட்டாங்க. ஏரிக்கரையில பொதைச்சு, நாய் தோண்டாம இருக்க அம்மிக்கல்ல மேல வெச்சிருக்காங்க. அடுத்த வருஷமே குப்பை லாரி வர ஆரம்பிச்சிடுச்சு. அக்கா பொறுக்க வந்ததே அந்த எடத்தக் காவல் காக்கத்தான்.

"ஏன்க்கா வாயத் தொறந்து சொல்லல?"ன்னு கத்திட்டேன்.

"கொழந்த பொணம் இருக்குதுன்னா போலீஸ் வருமில்லடா. எலும்பத் தோண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடுவாங்கன்னு பயந்துட்டேன். கரை வரிக்கும் தோண்டுவோம்னாங்க, அதான் கரையத் தள்ளிக் காட்டினேன்."

மேடம்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். அவங்க மண்ணுலயே உக்காந்து அழுதாங்க. "அண்ணா, பழைய கரைய ஒரு புடி கூட எடுக்காம அப்படியே விடணும்னுதான் எங்கன்னு கேட்டேன்"னாங்க. அத மட்டும் அக்காகிட்ட சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். மறுநா விடியறப்பவே அக்காவக் கூட்டினு மேட்டு மேல ஏறினேன். ரோலர் போன மண்ணு. எங்கன்னு தேடறது? கொழந்த இடுப்புல கட்டின கருப்புக் கயிறு கூடக் கெடைக்கல.

ஒருநாள் அக்காவே கேட்டுச்சு. "எதிர்ப்பக்கம் பழைய கரை கொஞ்சம் மிஞ்சி இருக்குதே, அத யாரும் தொடலியே. நான் நெசத்தச் சொல்லியிருந்தா அவளும் அவ எடத்துலயே இருந்திருப்பா, இல்லடா?"

"அதெல்லாம் இல்லக்கா. எப்பிடியும் தோண்டியிருப்பாங்க."

என் மொகத்தப் பாத்துச்சு. நான் ஏரிப் பக்கம் திரும்பிக்கினேன்.

இப்ப அந்த மேட்டுல புல்லு நட்டிருக்காங்க. தண்ணி வுடற வேலை அக்காவுக்கு. வாசக் கேட்டாண்ட நெழல்ல உக்காந்து பாக்கற வேலை தரேன்னு மேடம் கூப்பிட்டும் போவல. அம்மிக்கல்ல மேட்டு அடிவாரத்துல வெச்சிருக்குது. கல்லாண்ட செருப்பக் கழட்டிட்டு, உச்சி வெயில்லயும் வெறுங்காலோட குழாயத் தூக்கினு ஒரு மூலை வுடாம ஊத்தும்.

"அந்தப் பக்கந்தான் ஈரமா இருக்குதே, வுடேன்க்கா"ன்னு ஒருநாள் சொன்னேன்.

"எங்க கெடக்கறாளோ தெரியலியேடா. எல்லாத்துக்கும் ஊத்திட்டா அவளுக்கும் போயிடுமில்ல?"