பெரிய வெள்ளியன்று வந்த கூனி

இவோ தெசேராவின் கெண்டைக்கால் வெறும் கால் அல்ல, பஞ்சாங்கம் என்று மலாக்காவின் போர்த்துகீசியக் குடியிருப்பில் சொல்வார்கள். சொல்வார்கள் என்ன, அவரே சொல்லிக்கொள்வார். ஆற்றுமுகத்தில் மார்பளவு தண்ணீரில் தள்ளுவலையைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது, கூனி இறால் கூட்டமாக வந்தால் காலில் முள் முள்ளாகக் குத்தும். அந்தக் குறுகுறுப்பு தெரிந்த பிறகுதான் வலையைத் தூக்குவார். நாற்பது வருஷமாக அது மே மாதம் முதல் வாரத்தில் வந்துகொண்டிருந்தது. கடைசி ஐந்து வருஷமாக மே மாத வலையில் விழுவதெல்லாம் சொறிமீன். கொழகொழவென்று, தொட்டால் அரிக்கிற சனியன்.

"மே மாசம் தண்ணி ரொம்ப சூடாயிடுதுப்பா," என்பாள் மகள் லெனோரா. அவளுக்கு மீன்வள ஆய்வகத்தில் வேலை. வேட்டித் துணி போல நெருக்கமாக நெய்த குட்டி வலையை வாராவாரம் ஆற்றுமுகத்தில் இழுத்து, கண்ணுக்கே தெரியாத பூச்சிகளைக் குப்பியில் பிடித்துவந்து எண்ணுவாள். "கூனி திங்கிற பூச்சி இப்பல்லாம் ஒரு மாசம் முன்னாடியே பெருகிடுது. தீனி இருக்கறப்பதானே அதுவும் வரும்? ஏப்ரல்ல வந்துட்டுப் போயிடுது. நீங்கதான் பாக்கறதில்ல."

"உன்கூடப் படிச்ச கூனி போலிருக்கு. தேதி பாத்து வருது," என்பார் இவோ.

அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் முழுக்க வலைகளைப் பிரித்துப் போட்டுத் தைப்பது குடியிருப்பின் வழக்கம். ஏப்ரலில் ஆற்றுமுகம் என்ன செய்கிறது என்று மீன்காரர் ஒருவர்கூட எட்டிப் பார்த்தது கிடையாது.

இந்த வருஷம் பார்த்தே ஆகவேண்டியதாயிற்று. லெனோராவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தது ஏப்ரல் கடைசியில். தெசேரா வீட்டுக் கல்யாணம் என்றால், பெண்ணின் அப்பா தன் கையால் பிடித்த கூனியில் போட்ட சிஞ்சாலோ எல்லா மேசையிலும் இருக்கவேண்டும். கூனியில் உப்பும் சோறும் பிசைந்து, ஒரு மூடி பிராந்தி விட்டு, புட்டியில் அடைத்து ஊறவைப்பது. எலுமிச்சை பிழிந்து, சின்ன வெங்காயமும் மிளகாயும் நறுக்கிப் போட்டால் ஒரு தட்டுச் சோறு தானாக இறங்கும்.

"கடையில நாலு டஜன் வாங்கிட்டாப் போச்சு, கொம்பாத்ரி," என்றார் பிளாசிடோ. லெனோராவின் ஞானத்தகப்பன் அவர். இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கடைப் புட்டிய வெச்சுட்டு நான் எந்த மூஞ்சியோட சபையில நிக்கிறது?"

பெரிய வெள்ளியன்று மதியம், இவோ கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கோவிலுக்குக் கிளம்பிய நேரத்தில் பிளாசிடோ மூச்சிரைக்க வந்து நின்றார். "தண்ணியப் போய்ப் பாரு."

ஆற்றுமுகம் வெளிறிய சிவப்பாகக் கிடந்தது. கொக்குகள் வரிசையாக நின்று கொத்திக்கொண்டிருந்தன. இவோ கால்சட்டையைச் சுருட்டிவிட்டு இறங்கினார். குறுகுறுப்பு. ஐந்து வருஷத்துக்குப் பிறகு அதே குறுகுறுப்பு. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பெரிய வெள்ளியன்று அங்கே யாரும் வலை போடமாட்டார்கள். போட வலையும் இல்லை. எல்லாம் துண்டு துண்டாகக் கொடியில் தொங்கியது.

"வலைதானே கூடாது? வாளியில மொண்டா யாரு கேக்கறது?" என்றார் பிளாசிடோ.

"நம்ம காவல் புனிதர் இராயப்பருக்கு வாளிக்கும் வலைக்கும் வித்தியாசம் தெரியாதா? அவரும் மீன்காரர்தான்யா."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, கண் வாளியைத்தான் தேடியது. மே மாதக் கூனி ஒரு நாள் நிற்கும், மறுநாள் காணாமல் போகும். இதுவும் அப்படிப் போய்விட்டால்? கரையில் லெனோரா நின்றிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக இவோ அவளிடம் கடலைப் பற்றிக் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் நிக்குமாம்மா?"

"போன வாரம் குப்பி பூரா தீனிப்பா. தின்னு தீக்க நாலு நாளாவது ஆகும். தண்ணியும் இன்னும் அவ்வளவு சூடாகல. நிக்கும்."

"நிக்கலன்னா?"

"வேலைய விட்டுட்டு உங்களுக்கு வலை தைக்க வந்துடறேன். போதுமா? கோயிலுக்குக் கெளம்புங்க."

போனார். பவனியில் பாடுபட்ட இயேசுவின் சுருபத்தைத் தோளில் சுமந்து நடந்தபோதும் மனசு ஆற்றுமுகத்திலேயே கிடந்தது. அதற்காக ஆண்டவரிடம் இரண்டு தடவை மன்னிப்பும் கேட்டார்.

சனிக்கிழமை தெருவே உட்கார்ந்து வலை தைத்தது. "தையலப் பாரு, யானை போயிட்டு வரலாம்," என்று பிளாசிடோவை அவர் மனைவியே கிண்டலடித்தாள். ஈஸ்டர் காலைப் பூசை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் புதுத்துணியோடு கரைக்கு வந்துவிட்டது.

இவோ வலையோடு முதலில் இறங்கினார். முழங்கால் அளவு. ஒன்றும் இல்லை. இடுப்பளவு. ஒன்றும் இல்லை. கரையில் லெனோரா குப்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மார்பளவுக்குப் போய் இன்னும் பத்து அடி நடந்தார். நின்றார். திரும்பி மகளைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே கரை முழுக்கத் தெரிந்துபோயிற்று. ஆளாளுக்கு வலையோடு தண்ணீரில் பாய்ந்தார்கள்.

வலையைத் தூக்கினால் அடி முழுக்கக் கூனி, ஈரப் பவழம் போலத் துள்ளியது. முதல் கைப்பிடி இராயப்பர் பங்கு. கடலிலேயே திரும்ப விடுவதுதான் நாற்பது வருஷப் பழக்கம். இவோ கைப்பிடியை அள்ளினார், விடவில்லை.

"குப்பியக் கொண்டா."

லெனோரா புதுக் கவுனோடு தண்ணீரில் இறங்கி வந்தாள். "அப்பா, அது இராயப்பர் பங்கு."

"கோச்சுக்க மாட்டாரு," என்று அவள் குப்பியில் அள்ளிப் போட்டார் இவோ. "அவரும் என்னை மாதிரி மே மாசம்னுதான் நெனச்சுட்டிருந்திருப்பாரு."